வேங்கைக் கொம்பு

மலையூர்க்காரன் அர்த்தனாரி வெறுங்கையோடு காட்டுக்குள் போய் வெறுங்கையோடு திரும்பி வருவதுதான் ராசப்பனை உறுத்தியது. தேனெடுக்கப் போகிறவன் குடுவையோடு போவான், விறகுக்குப் போகிறவன் கயிற்றோடு போவான். இவன் மட்டும் எதற்குப் போகிறான்?

ராசப்பனுக்குச் சொந்த ஊர் சேந்தமங்கலம். ரிசர்வ் காட்டுக்கு வனக் கார்டாக, மலைமேலிருந்த சோளக்காடு என்ற ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு சந்தன மரங்கள் அடியோடு காணாமல் போய், மேலதிகாரியான துரையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து மலையில் யார் நடந்தாலும் அவனுக்குத் திருடனாகத்தான் தெரிந்தது.

ஒருநாள் அர்த்தனாரியை வழியிலேயே மறித்துக் கேட்டான்.

"ஏனப்பா, காட்டுல உனக்கென்ன சோலி?"

"மரம் பாத்துட்டு வாரேனுங்க."

"மரத்துல பாக்கறதுக்கு என்ன இருக்குது?"

"வளந்திருக்குதான்னு பாக்கறதுதானுங்க."

இந்தப் பதிலில் ராசப்பனின் சந்தேகம் இரண்டு மடங்கானது. மூன்று முறை ஒளிந்து பின்தொடர்ந்தான். மூன்று முறையும் அர்த்தனாரி ஓடைக்கு மேலே நின்ற ஒரு பெரிய வேங்கை மரத்தடிக்குத்தான் போனான். அண்ணாந்து பார்த்தான். பாறையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டான். ஓடைச் சத்தத்தைக் கேட்டபடி வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு எழுந்து போனான். அவன் போனபிறகு ராசப்பன் பாறைக்கடியில் தோண்டிப் பார்த்தான். சருகும் நண்டு வளையும்தான் இருந்தன.

தை மாதக் கடைசியில் அர்த்தனாரி கோடரியோடு வந்தான். ராசப்பன் மூங்கில் புதருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான். மரமேறி ஒரே ஒரு கொம்பை வெட்டினான் அர்த்தனாரி. முழங்கைபோல் வளைந்த கொம்பு அது. வெட்டிய இடத்தில் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிவிட்டு இறங்கினான்.

"நில்லுடா! சந்தனக்கட்டைய எங்க வெச்சிருக்கற?"

"சந்தனமெல்லாம் தெரியாதுங்க. இது ஏருக்குங்க. ஆறு வருசமா இந்தக் கொம்பு வளையறதப் பாத்துட்டிருந்தேன். நேர்க்கட்டையச் செதுக்கி வளைச்சா கல்லுல பட்டதும் தெறிச்சுருமுங்க. தானா வளஞ்சதுல நாரு அறுபடாம ஓடும். எங்கப்பன் எடுத்த ஏரு இருவது வருசம் உழுதுச்சுங்க."

ஒரு கலப்பைக்காக ஒருவன் ஆறு வருடம் காத்திருப்பானா? மேலே ஏதோ பதுக்கியிருக்கிறான் என்று ராசப்பன் தானே மரத்தில் ஏறினான்.

பதுக்கல் எதுவும் இல்லை. வட்ட வட்டமான காய்ந்த காய்கள் காற்றில் சலசலத்தன. ஒரு மலையணில் அவனைத் திட்டிவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவியது. தண்டைச் சுற்றிலும் பழைய வெட்டுத் தழும்புகள் இருந்தன. எண்ணினான், ஆறு. பட்டை நாலாபக்கமும் வளர்ந்து, வாயை மூடிக்கொண்டதுபோல் அவற்றை மூடியிருந்தது. சில தழும்புகள் அவன் தாத்தாவைவிட மூத்தவையாக இருக்கும். தலைமுறைக்கு ஒரு கொம்பு மட்டும் எடுத்த இவர்கள் திருட்டுக் கூட்டமாக இருந்திருந்தால் இந்த மரம் எப்போதோ போயிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. 

இறங்கி வந்து, "எடுத்துட்டுப் போ" என்றான்.

அர்த்தனாரி அசையவில்லை.

"வேண்டாமுங்க. நாந் தோள்ல வெச்சு நாலு எட்டு நடந்ததும் திருடன்னு புடிப்பீங்க."

ராசப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அர்த்தனாரி சொன்னது பொய்யில்லை. போன மாதம் விறகுக்கட்டோடு வந்த அத்தாயியை, போ என்று சொல்லிவிட்டுத் திருப்பத்தில் வைத்துப் பிடித்தவன் அவன்தான்.

குனிந்து கொம்பைத் தானே தூக்கினான். நல்ல கனம். ஆனாலும் அதன் வளைவு தோளில் பொருந்தி உட்கார்ந்துகொண்டது. அர்த்தனாரியின் ஊரிருக்கும் அரியூர் நாட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் அவன் முன்னால் நடக்க, பத்தடி தள்ளி அர்த்தனாரி வந்தான்.

வாசலில் நின்ற அர்த்தனாரியின் மனைவி பெருமாயி, காக்கிச் சட்டையைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். "கார்டு எதுக்கு நம்மூட்டுக்குத் தூக்கியாறாரு?" என்ற குரல் மட்டும் கேட்டது. 

ராசப்பன் கொம்பை முற்றத்தில் மெதுவாக இறக்கி வைத்தான். தோளைத் தடவிக்கொண்டு திரும்பி நடந்தான். வேலியோரத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கொம்பைத் தொடாமல், கைகட்டி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தான் அர்த்தனாரி.