கனடாவுக்குப் போகாதவள்

படத்தை உயரமான முக்காலித் தாங்கியில் நிறுத்திவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்த பாலேந்திரா, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அது நேராக நிற்கிறதா என்று பார்த்தார். இடப்பக்கம் சற்றே தாழ்ந்திருந்தது. முன்னால் சென்று அதை விரல் நுனியால் உயர்த்தினார்.

"இப்ப சரி," என்றார்.

சரியாக இல்லை என்பது தியாகராஜாவுக்குத் தெரிந்தது. படத்திலிருந்த முகம் அவருடைய மனைவி சிவகௌரியின் முகந்தான். ஆனால், அந்த முகத்தின் கீழே இருந்த கழுத்து அவளுடையதன்று. அரக்குநிறப் பட்டுச் சேலை, இரண்டு வடச் சங்கிலி, ஒடுங்கிய தோள்கள் எல்லாம் யாரோ ஓர் இளம்பெண்ணுக்குரியவை. தலையை வெட்டி அந்த உடலில் ஒட்டிய ஸ்டூடியோக்காரர் அவள் அணிந்திருந்த தொப்பியை நீக்கியிருந்தார். தொப்பியின் விளிம்பு நெற்றியில் வீழ்த்தியிருந்த நிழலை நீக்க மறந்துவிட்டார். அந்த நிழலின் மேலேயே வட்டமாக ஒரு குங்குமப் பொட்டை வைத்திருந்தார்.

குரோய்டனில் இருந்த அந்த இறுதிக்கிரியை மண்டபம் பதினொன்றரை மணிவரைக்கும் மட்டுமே அவர்களுக்கு. பத்து மணிக்குள் எழுபது பேர்வரை வந்துவிட்டார்கள். நடுவில், திறந்த பெட்டிக்குள், மெய்யான கூறைச் சேலையுடன் சிவகௌரி கிடந்தாள். ஒன்பது நாளுக்கு முன், காலைத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் வேளையில், மாரடைப்பால் இறந்தவள். வயது அறுபத்தாறு.

"அண்ணை, உந்தப் படம் வேண்டாம்," என்றார் தியாகராஜா.

"ஏன்? வடிவாத்தானே இருக்கு."

"அது அவவின்ரை உடம்பில்லை."

பாலேந்திரா சுற்றுமுற்றும் பார்த்தார். இல்ஃபோர்டில் இருந்து விடியற்காலையிலேயே வந்து ஐயர், பூ, தேவாரம் பாடுபவர், வாகனம் என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தவர், தியாகராஜாவின் அண்ணன். எழுபத்தைந்து வயதிலும் எந்தக் கிரியையும் அவரின்றி நடந்ததில்லை.

"பின்னை தொப்பியோடை குதிரைக்கு மேலை இருக்கிற படத்தை வைக்கச் சொல்லுறியோ? வந்த சனம் என்ன கேக்கும்? படம் அனுப்பினது நீதானே. ஸ்டூடியோக்காரன் பாப்பான் எண்டு நான் சொல்லேக்கை ஓமெண்டுதானே சொன்னனி."

சொன்னது உண்மை. அன்று எதற்குத்தான் அவர் ஓமென்று சொல்லவில்லை.

"அப்பா, விடுங்கோ," என்று அவருடைய ஒரே மகள் துசியந்தி பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள். ரொறன்ரோவிலிருந்து வந்து ஒரு கிழமை ஆகியும் அவள் கண்வீக்கம் வடியவில்லை. "இவ்வளவு காலமும் விட்டனாங்கள்தானே."

அதுவும் உண்மை. அந்த உண்மைதான் தியாகராஜாவின் நெஞ்சில் எலும்பாகச் சிக்கியிருந்தது.

சிவகௌரி இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை செய்தாள். அவளுடன் வேலை செய்த மார்கரெட்டுக்கு அமெரிக்காவில் ஒரு தங்கை. ஒரிகன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், மழை மறுத்த மேட்டுநிலத்தில் குதிரை வளர்ப்பவள். இருவரும் ஓய்வுபெற்ற ஆண்டில் மார்கரெட், "நீயும் வாயேன், கை உதவிக்கு ஆள் வேண்டும்" என்று அழைத்தாள். சிவகௌரி போனாள். செப்டெம்பர் இறுதியில் மலைமேல் மேய்ந்த குதிரைகளைக் கீழே இறக்கும் காலம் அது. மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்தவளின் கைகள் காய்த்திருந்தன. அவள் பேச்சு நிற்கவில்லை.

அவள் அங்கே இருந்தபோதுதான் பாலேந்திரா தொலைபேசியில், "கௌரி எங்கை, காணேல்லை?" என்று கேட்டார். ஐம்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, புருசனை விட்டுவிட்டு, குதிரை பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லத் தியாகராஜாவுக்கு நா எழவில்லை. "துசியிட்டைப் போயிட்டா. பிள்ளை சின்னன்தானே," என்றார். அடுத்த ஆண்டும் அதையே சொன்னார். பொய்க்கு ஒரு பருவம் உண்டாகிவிட்டது. செப்டெம்பர் பிறந்தால் கனடா. ரொறன்ரோவில் இருந்த உறவினர்கள், "அம்மா வந்திட்டாவாம், காட்டவே மாட்டியே?" என்று துசியந்தியைக் கேட்டபோது, அம்மாவுக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு நாரிப்பிடிப்பு என்று அவள் ஆண்டுதோறும் ஒரு நோயைக் கண்டுபிடித்தாள். சிவகௌரி மறுத்துப் பேசவில்லை. "நீங்கள் விரும்பினதைச் சொல்லுங்கோ. நான் போறன்," என்று மட்டும் சொன்னாள். இந்த ஆண்டுக்கான பயணம் இன்னும் ஐந்து நாளில் இருந்தது.

தேவாரம் முடிந்தது. பாலேந்திராவின் மனைவி நகுலேஸ்வரி பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். வந்திருந்த பெண்கள் அவரைச் சூழ்ந்தார்கள்.

"பூவும் பொட்டுமாப் போயிட்டாள்," என்றாள் ஒருத்தி. "குடுத்து வைச்சவள்."

"எங்கை குடுத்து வைச்சவள்?" என்றார் நகுலேஸ்வரி, மூக்கைத் துடைத்தபடி. "வருசா வருசம் கனடாவுக்கு ஓடி, அந்தப் பிள்ளையளுக்குச் சமைச்சு, உடுப்புத் தோய்ச்சு, மாடாய் அடிச்சவள். ஓய்வெண்டு ஒருநாள் இருந்திருப்பாளே? எனக்குத் தெரியும் அந்த வேலை. நானும் அதைத்தானே செய்யிறன்."

தியாகராஜா கேட்டுக்கொண்டு நின்றார். மறைந்தவை தொப்பியும் குதிரையும் மட்டுமா என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன் வாழ்நாளில் அவள் தனக்கென்று எடுத்துக்கொண்ட ஏழு இலையுதிர்காலங்களையும் அவர் பறித்து, அவற்றுக்குப் பதிலாக அடுப்பையும் அழுக்குத் துணியையும் அவள் கணக்கில் எழுதிவிட்டார். அதைக் கேட்டு நாலு பெண்கள் கண்ணீர் விடுகிறார்கள். எந்த நீதியில் இது சேரும்?

பாலேந்திரா ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, மடித்த தாள் ஒன்றை விரித்தார்.

"எங்கள் அன்பு மைத்துனி சிவகௌரி அவர்கள், தன் பேரப்பிள்ளைகளின் நலனையே தன் நலனாகக் கொண்டு, ஆண்டுதோறும் கனடா சென்று..."

"அண்ணை, நிப்பாட்டுங்கோ."

குரல் தன்னுடையதுதானா என்று தியாகராஜாவுக்கே ஐயம் வந்தது. பெட்டியைச் சுற்றி நடந்து அண்ணனிடம் சென்றார். ஒலிவாங்கிக்காகக் கையை நீட்டினார்.

"தியாகு, இது நேரமில்லை. போய் இரு."

"தாங்கோ."

"சனம் பாக்குது."

"பாக்கட்டும். தாங்கோ, அண்ணை."

எழுபத்தொரு ஆண்டுகளில் தம்பி அந்தக் குரலில் பேசி அவர் கேட்டதில்லை. கை தளர்ந்தது.

தியாகராஜா ஒலிவாங்கியை வாயருகில் மிக நெருக்கமாகப் பிடித்தார், மண்டபம் இரைந்தது. துசியந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ கனடாவுக்குப் போகேல்லை," என்றார். "ஒருக்காலும் போகேல்லை. துசியின்ரை கலியாணத்துக்கு மட்டுந்தான் போனவ. மற்றதெல்லாம் பொய். சொன்னது நான். பிள்ளையைச் சொல்லவைச்சதும் நான். அவ ஒரு பொய்யும் சொல்லேல்லை."

பின்வரிசையில் யாரோ இருமினார். ஐயர் கையிலிருந்த தர்ப்பையைக் கீழே வைத்தார்.

"அவ அமெரிக்காவிலை குதிரை பாக்கப் போனவ. ஏழு வருசம். குதிரைக்கு மேலை ஏறி ஓடினவ. வடிவா ஓடினவ."

"குதிரையோ?" என்று ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். "குதிரையாம்," என்றார் அவர்.

"போதும், தியாகு," என்றார் பாலேந்திரா.

"போதாது. நானும் போனனான்." தியாகராஜா கூட்டத்தை நேராகப் பார்த்தார். "போன வருசம் ரெண்டு பேரும் கனடா எண்டு சொல்லிப்போட்டு, நானும் அங்கைதான் நிண்டனான். பாத்துப்போட்டு வந்தும் பொய் சொன்னனான். அதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் இருக்கு."

மண்டபத்தின் கதவருகே நின்ற இறுதிச்சேவை நிறுவனத்து வெள்ளைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு மொழி புரியவில்லை. எனினும், கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"கடலிலையிருந்து நாலாயிரத்து ஐந்நூறு அடி உயரம். மரமெண்டு பெரிசா ஒண்டுமில்லை. சாம்பல் நிறத்திலை பத்தையள். கசக்கி மணந்தால் மூக்குக்குள்ளை ரெண்டு நாளைக்கு நிக்கும். பகல் வெயில் எரிக்கும், பொழுதுபடக் குளிர் பிடரியிலை பிடிக்கும். தண்ணி ஓடுற பள்ளங்களிலை மட்டும் கொஞ்ச மரம். ஒரு கிழமைக்குள்ளை அதெல்லாம் மஞ்சளாப் போச்சுது. இவ குதிரையின்ரை கழுத்துக்குள்ளை கையை விட்டுப்போட்டு என்னைக் கூப்பிட்டா. 'இஞ்சை வாங்கோ, மயிர் அடர்த்தியா வருது, இதுகளுக்குத்தான் முதல் தெரியும்' எண்டு. ஒருநாள் விடியக் குதிரையள் குடிக்கிற தொட்டி உறைஞ்சு கிடந்தது. முதல் பனி. இவ சப்பாத்துக் காலாலை ஒரு உதை விட்டா. ஐஸ் உடைஞ்சு போச்சு. பதினெட்டுக் குதிரை மூச்சிலை புகை விட்டுக்கொண்டு வந்து குடிச்சுது. இவ நடுவிலை நிண்டு சிரிச்சா. நாற்பத்தொரு வருசம் அவவோடை இருந்தனான். அந்தச் சிரிப்பை நான் முதல் காணேல்லை."

ஒலிவாங்கியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"தமிழிலைதான் அதுகளோடை கதைச்சவ. அதுகளும் கேட்டுது. நான் கேட்டதைவிட வடிவாக் கேட்டுது."

எங்கோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். தியாகராஜா ஒலிவாங்கியை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தார். முக்காலிக்குச் சென்று அந்தப் படத்தைக் கழற்றி, கண்ணாடிப் பக்கம் சுவரை நோக்கும்படி சாத்தி வைத்தார்.

"அப்ப என்ன, வெறும் முக்காலியையே சனம் கும்பிடுறது?" என்றார் பாலேந்திரா. "எங்களை நாறடிச்சுப்போட்டாய்."

துசியந்தி முன்னால் வந்தாள். கைத்தொலைபேசியில் எதையோ தேடி எடுத்து, முக்காலியின் குறுக்குச் சட்டத்தில் அதைச் சாய்த்து வைத்தாள். பெரிய முக்காலியில் உள்ளங்கையளவு படம். மண்நிறக் குதிரையின் மேல் தொப்பியுடன் சிவகௌரி. பின்னால் எல்லையற்ற சாம்பல்வெளி. ஓரத்தில் மஞ்சளாக ஒரு கீற்று.

"நடத்துங்கோ, ஐயா," என்றாள் துசியந்தி ஐயரைப் பார்த்து.

வாய்க்கரிசி இடப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். அரை நிமிடத்திற்கு ஒருமுறை தொலைபேசியின் திரை இருண்டது. ஒவ்வொரு முறையும் துசியந்தி அதைத் தொட்டு ஒளிரச் செய்தாள். பின்னர், பெட்டியில் கிடந்த தாயின் முகத்தருகே குனிந்தவள் நிமிரவில்லை. திரை இருண்டே கிடந்தது. வரிசையில் அடுத்ததாக வந்த நகுலேஸ்வரி, அரிசி ஒட்டியிருந்த சுட்டுவிரலால் அதைத் தொட்டார். கணவரின் பார்வை தன்மேல் இருந்ததை அவர் அறிவார். அதைப் பொருட்படுத்தாமல், மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

பதினொன்றரைக்குப் பெட்டி வாகனத்தில் ஏற்றப்பட்டது. பின்தொடரும் முதல் காரில் பாலேந்திரா ஏறவில்லை. தலைவலிக்கிறது, தான் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். துசியந்தி முன்னால் அமர்ந்தாள். பின்னிருக்கையில் தனியாக இருந்த தியாகராஜாவின் பக்கத்துக் கதவைத் திறந்து நகுலேஸ்வரி ஏறினார்.

"மச்சாள், அண்ணை தனியப் போறார்," என்றார் தியாகராஜா.

"அவருக்கு வழி தெரியும்."

கார் நகர்ந்தது. டிராம் ஒன்று குறுக்கே போகும்வரை சந்தியில் நின்றார்கள். நகுலேஸ்வரி கைப்பையை மடியில் வைத்து, அதன் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஸ்ட்ரெதம் வந்ததும் அதை மூடி வைத்தார்.

"தம்பி."

"ஓம், மச்சாள்."

"அந்தக் குளிருக்குக் காலுக்கு என்ன போடுறது?"

தியாகராஜா அவரைத் திரும்பிப் பார்த்தார். துசியந்தியின் தலை முன்னிருக்கையில் அசையாமல் இருந்தது.

"மேசு," என்றார். "ரெண்டு சோடி. கம்பளி மேசு. அதுக்கு மேலை சப்பாத்து."

நகுலேஸ்வரி குனிந்து, சேலைக் கரையைச் சற்று விலக்கி, செருப்புக்குள் இருந்த தம் வெறுங்கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.