சம்பந்தி, கொஞ்சம் மெதுவா

1

இந்தக் கதை பிறந்தபோது என் வாயில் பஞ்சு இருந்தது. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. பல் டாக்டரம்மா என் முகத்துக்கு மேல் குனிந்து, தானும் தன் சம்பந்தியும் சைக்கிளில் மலையேறிய கதையைச் சொல்லிக்கொண்டே பல்லைக் குடைந்தார். "கேக்குறீங்கல்ல?" என்று நடுநடுவே விசாரணை வேறு. "ம்ம்" என்றேன். வேறென்ன சொல்வது? வாயைத் திறந்து வைத்திருப்பவனால் பேச முடியாது என்கிற விஷயம் உலகத்திலேயே பல் டாக்டர்களுக்கு மட்டும்தான் தெரியாது.

இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"விடியலின் பொன்னொளி மலைச்சரிவை மெல்லத் தழுவ, இரும்புப் புரவியொன்று—" (வேண்டாம். புரவி வந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

"அவர் ஒரு பஸ் டிரைவர். ஆனால் அவருடைய இதயமோ—" (இதயம் எந்த ஊருக்குப் போகிறது என்று தெரியாததால் இறக்கிவிட்டேன்.)

"மிதி." (ஒற்றைச் சொல்லில் தொடங்கினால் கெத்தாக இருக்கும் என்றார்கள். தொடங்கினேன். இரண்டாவது சொல் இன்னும் வரவில்லை.)

என் வியாதி எனக்குத் தெரியும். கையிலிருக்கும் சரக்கையெல்லாம் முதல் பத்தியில் கொட்டிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் நாக்குத் தள்ளி உட்கார்ந்துவிடுவேன். "உங்க கதையெல்லாம் ஆரம்பத்துல ஓடுது, நடுவுல தவழுது, கடைசியில படுத்துடுது" என்பது என் மனைவியின் விமர்சனம். இத்தனை சுருக்கமாக யாரும் என்னைக் கிழித்ததில்லை. ஆகவே இந்த முறை சின்ன கியரில் தொடங்குகிறேன்.

3

டாக்டரம்மாவின் மகனைக் கட்டியவள் பஸ் டிரைவரின் மகள். இளசுகள் இரண்டும் மலைமேல் ஒரு வீட்டில் குடியிருக்கிறார்கள். மகள் இப்போது மாசமாக இருக்கிறாள். பெரியவர்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் சைக்கிள் ஆசை பிடித்தது. இருவரும் கற்றுக்குட்டிகள்.

டிரைவர் ஆயுசு முழுக்க டவுன் பஸ் ஓட்டியவர். டாக்டரம்மாவின் கிளினிக் வாசலில் நிற்கிற பஸ்ஸும் அவருடையதுதான். ஒரு நிறுத்தத்தில் கிளம்பினால் அடுத்த நிறுத்தம் வரை விரட்டுவார், அங்கே போய் மிதித்து நிறுத்துவார். அந்தப் பழக்கம் சைக்கிளுக்கும் வந்துவிட்டது. நிழற்குடையைப் பார்த்தால் கால் தானாகத் தளரும், சைக்கிள் ஓரம் ஒதுங்கும். ஒருமுறை அங்கே நின்றிருந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு ஏற வந்துவிட்டாராம். (இந்த அம்மாளை நான் சேர்த்தேன். ஓரம் ஒதுங்குவது மட்டும் சத்தியம்.)

இன்னொரு கூத்து. ஏற்றத்தில் பஸ்ஸை முதல் கியரில் உருட்டத் தெரிந்த மனிதர், சைக்கிளில் மட்டும் பெரிய கியரிலேயே முக்கி முக்கி மிதிப்பார். சின்ன கியரில் கால் சும்மா சுற்றுவது அவருக்குக் கேவலமாகப் பட்டது. இன்ஜினுக்கு வலித்தால் அது சத்தம் போட்டுவிடும். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரர், சம்பந்தியம்மா எதிரில் சத்தம் போட முடியுமா?

முதல் தடவை கிளம்பியபோது பாதி மலையில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை வேனில் வந்து, மாமனாரை முன்னாலும் சைக்கிளைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு டிரைவரின் மனைவி ஒரு நிபந்தனை வைத்தார்.

"இன்னொரு தடவை மாப்பிள்ளை வந்து அள்ளிட்டுப் போற மாதிரி ஆச்சுன்னா, அந்த சைக்கிளை யாருக்காவது தூக்கிக் கொடுத்துடணும். சரியா?"

"சரி" என்றுவிட்டார், ரோஷத்தில். சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்தோம் என்று உறைத்தது. யாரும் விசிலடித்து நிறுத்த முடியாத ஒரே வண்டி அவருக்கு அதுதான். அதன்மேல் உயிரையே வைத்திருந்தார்.

4

(இனி டிரைவரின் மூச்சுக்குள் இருந்து சொல்கிறேன். அங்கே என்ன நடந்தது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாதுதான், ஆனால் எனக்கு அனுமதி உண்டு.)

இரண்டாம் முறை காலையிலேயே கிளம்பினார்கள். எதிர்க்காற்று. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால் பின்னால் வருபவருக்குப் பாடு குறையும் என்று இருவருமே கேள்விப்பட்டிருந்தார்கள்.

"நீங்க என் பின்னால வாங்க சம்பந்தி, காத்து அடிக்காது" என்றார் டாக்டரம்மா.

"ஐயையோ, அதெப்படி. உங்க முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு வர்றதா? நீங்க என் பின்னால வாங்க."

"அது மரியாதையா இருக்காதே."

கடைசியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில், காற்றை ஆளுக்குப் பாதியாக வாங்கிக்கொண்டு போனார்கள். சம்பந்தியம்மாவைக் காக்க வைக்கக் கூடாதே என்று அவர் கொஞ்சம் கூட்டினார். சம்பந்தி நமக்காக மெதுவாக வருகிறாரோ என்று டாக்டரம்மாவும் கொஞ்சம் கூட்டினார். மலையடிவாரம் வருவதற்குள் டிரைவரின் தொடை இரண்டும் வெந்துவிட்டன.

பேசிக்கொண்டே மிதிக்க முடிந்தால் அது சரியான வேகம், பேச்சு நின்றுபோனால் குறைத்துக்கொள் என்பது சைக்கிள்காரர்களின் பாலபாடம். டாக்டரம்மா அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். கேள்வி கேட்டபடியே வந்தார்.

"கஷ்டமா இல்லையே சம்பந்தி?"

"ம்ம்."

"அப்ப சரி."

(இவ்வளவு கவனமில்லாத ஒரு டாக்டரா, நம்பும்படியாக இல்லையே என்றாள் என் மனைவி. ஒரு தடவை அந்த நாற்காலியில் போய்ப் படுத்துப் பார் என்றேன். ஆயுள் முழுக்க "ம்ம்" என்பதையே முழுப் பதிலாக வாங்கிப் பழகிய காது அது.)

ஏற்றம் தொடங்கியது. கேள்விகள் குட்டையாயின. டிரைவர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்குத் தன் நெஞ்சு அடிப்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. வேன் கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று.

"பேரன் பொறந்தா... எங்க மாமனார் பேரு... வச்சிடலாமா?"

"ம்ம்."

"அப்ப உங்களுக்கு... சம்மதம்."

அந்த மாமனார் யார் தெரியுமா? கல்யாணத்தன்று டிரைவரைப் பார்த்து, "பஸ்காரர்தானே, விருந்து முடிஞ்சதும் எல்லாரையும் ஏத்திட்டுப் போய் விட்டுடுங்க" என்றவர். பதில் சொல்லத் தகுந்த நேரத்துக்காக டிரைவர் காத்திருக்கையில், மனிதர் போய்ச்சேர்ந்துவிட்டார். அந்தப் பேரா? அதை வாய் நிறையக் கூப்பிட்டுக் கொஞ்சுவதா?

மறுக்க வேண்டும். மறுக்க மூச்சு வேண்டும். மூச்சு வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. கியரைக் குறைத்தார். ஒன்று, இன்னொன்று, அதற்கும் கீழே. கால் சும்மா சுற்றியது. சைக்கிள் ஆமையாக நகர்ந்தது. நுரையீரலுக்குள் காற்று போவது அவருக்கே தெரிந்தது.

"இல்ல சம்பந்தியம்மா," என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் முழுப் பேச்சு. "அந்தப் பேரு வேண்டாம். அப்புறம் இன்னொண்ணும் சொல்லிடுறேன். எனக்கு மூச்சு முட்டுது. அடிவாரத்துலேருந்தே முட்டுது. கொஞ்சம் மெதுவா போலாமா?"

டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தம்மாவின் முகமும் சிவந்து, மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது.

"அப்பாடா," என்றார். "நீங்க வேகமாப் போறீங்களேன்னுதான் நானும் உயிரை விட்டுக்கிட்டு வந்தேன். எப்ப வாயைத் திறப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நீங்க டாக்டராச்சே, நீங்களாச் சொல்லியிருக்கலாமே."

"நான் மாப்பிள்ளை வீட்டுக்காரி. நான் எப்படி முதல்ல சொல்வேன்?"

இருவரும் சிரித்தார்கள். சிரிக்க முடிகிற வேகத்தில் போனார்கள். டிரைவர் வெட்கத்தை விட்டு டாக்டரம்மாவின் பின்னால் ஒட்டிக்கொண்டார், அடுத்த திருப்பத்தில் அவர் இவர் பின்னால். பேரை வைத்துச் சண்டை போட்டபடியே மலையில் பாதிக்கு மேல் ஏறிவிட்டார்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடித்தார்கள். நிழற்குடை ஒன்று வந்தது. டிரைவர் நிற்காமல் தாண்டிப் போனார்.

5

இன்னும் ஒரே ஒரு வளைவு. அதில் டிரைவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு காலை ஊன்றி நின்றார். அந்த நேரம் பார்த்து மேலிருந்து மாப்பிள்ளையின் வேன் இறங்கி வந்தது. கதவு திறந்தது. "மாமா, ஏறுங்க" என்று மாப்பிள்ளை—

"வாயைக் கொப்புளிங்க," என்றார் டாக்டரம்மா.

கொப்புளித்தேன். பாதி முகம் மரத்திருந்தது. "அப்புறம்?" என்று கேட்க முயன்றேன். எச்சில்தான் வந்தது.

"மிச்சத்தை அடுத்த வாரம் பாக்கலாம்," என்றார். பல்லைச் சொன்னார்.

6

முடிவு என்னிடம் இல்லை. செய்து பார்க்கலாம்.

ஒன்று: டிரைவர் ஏறிவிடுகிறார். சைக்கிள் கைமாறுகிறது. (எழுதிவிட்டு அடித்துவிட்டேன். மனசு கேட்கவில்லை.)

இரண்டு: "நீங்க போங்க மாப்பிள்ளை, வர்றேன்" என்று வேனைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காலை நீவிக்கொண்டு மிதிக்கிறார். (எனக்குப் பிடித்தது. அதனாலேயே சந்தேகம்.)

மூன்று: வேனில் ஏறுவது டாக்டரம்மா. அவர் கால் மேல் கால் போட்டுக்கொண்டு பின்னாலேயே வர, டிரைவர்— (டாக்டரம்மா என் கடைவாய்ப் பல்லை இன்னும் முடிக்கவில்லை. இதற்கு மேல் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.)

7

கிளினிக்கை விட்டு இறங்கி, வாசலில் நின்ற பஸ்ஸில் ஏறினேன். தற்செயல் என்று முறைக்காதீர்கள். மூன்றாம் பகுதியிலேயே சொல்லிவிட்டேன்.

டிரைவருக்குப் பின்னால் நின்றேன். ஸ்டியரிங்மேல் இருந்த கையில் விரல்கள் கறுத்தும் புறங்கை வெளுத்தும் இருந்தன. விரல் மூடாத சைக்கிள் கையுறை போட்ட அடையாளம். பழைய வெயிலா புது வெயிலா, சைக்கிள் இன்னும் அவரிடம் இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நிறுத்தத்துக்கு வெகு முன்பே அவர் காலை எடுத்தார். பஸ் தானாக உருண்டு வந்து, குலுங்காமல் நின்றது. நின்றிருந்தவர்களில் ஒருவர்கூடக் கம்பியைத் தேடவில்லை.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "டாக்டரம்மாகிட்டயா? கன்னமே சொல்லுதே. கதை எதுவரைக்கும் வந்தது? வேன் வந்துச்சா?"

"ம்ம்."

"அதுக்கப்புறம்தான் சார் கதையே. இருங்க, ஏத்தம் வருது. இதை முதல்ல ஏத்திட்டுச் சொல்றேன்."

கியரைக் குறைத்தார். பஸ் நிதானமாக மூச்சு வாங்கிக்கொண்டது. நான் இறங்க வேண்டிய இடம் அந்த ஏற்றத்தின் அடிவாரம்தான். மரத்த வாயோடு மேலே போய் நான் என்ன கேட்டுவிடப் போகிறேன்? இறங்கிவிட்டேன்.

நீங்கள் இறங்க வேண்டாம். என் இடத்தில் நில்லுங்கள். பஸ் ஏற்றம் ஏறிவிட்டது, அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். உங்கள் வாயில் பஞ்சு இல்லை. எதற்கும் "ம்ம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.