எல்வா மெல்னிக் தனக்காகக் கேட்ட ஓட்டு

பத்தொன்பது வருஷம் எல்வா மெல்னிக் மற்றவர்களுக்காகவே ஓட்டுக் கேட்டுக் கதவு தட்டினாள். வில்லோ கிரீக் தொகுதியில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக்காரர் பால் கறந்து முடித்த பிறகுதான் பேசுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. லாயிட் பென்னர் நான்கு முறை சட்டமன்றம் போனது அவளால்தான் என்று அவரே ஊரெல்லாம் சொல்வார்.

அந்த லாயிட் இனி நிற்கப்போவதில்லை என்று அறிவித்ததும், கட்சிச் செயலாளர் ஆர்ச்சி டன்பர் மாகாணத் தலைநகர் ரிஜைனாவிலிருந்து வந்து எல்வாவின் சமையலறையில் உட்கார்ந்தார். முட்டைக்கோஸ் சுருள் நான்கை முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"கிராண்ட் விட்மோர்னு ஒரு வக்கீல். இந்தத் தடவை அவர்தான். நீங்க வழக்கம்போல வேலையப் பாத்துக்கணும்."

"அவருக்கு இங்க யாரைத் தெரியும்?"

"உங்களைத் தெரியுமே, போதாதா?"

"அதுக்கு நானே நின்னுட்டுப் போறேன்."

ஆர்ச்சி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "மேடை ஏறினா உங்களுக்கு நாக்கு ஒட்டிக்குமே, எல்வா."

அவர் போன பிறகு கணவன் நெஸ்டர் கேட்டான். "உறைச்சுதா?"

"உண்மையாச்சே, உறைக்காதா?"

"மாட்டுக்கொட்டாயில பேசிப் பழகு. மாடு பாதியில எழுந்து போகாது."

பிப்ரவரி முழுக்கப் பழகினாள். வேட்பாளர் யார் என்று ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பது தொகுதியின் கட்சி உறுப்பினர்கள்தான்; அதனால் பகலில் உறுப்பினர் சேர்க்கப் போனாள். சோப்சுக் கிழவர் எதிர்க்கட்சிக்காரர். பத்தொன்பது வருஷமும் அவள் முகத்திலேயே கதவைச் சாத்தியவர். அன்று திறந்தே வைத்திருந்தார்.

"இத்தனை நாளா யாருக்கோ கேட்டே. இன்னிக்குத்தான் உனக்குன்னு கேக்குறே. பேனாவைக் குடு."

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் ஞாயிறு மதியம், கர்லிங் என்ற பனித்தள விளையாட்டு ஆடும் அரங்கில். காலையிலிருந்தே பனிப்புயல். விட்மோரின் ஆட்கள் இரண்டு பேருந்துகளில் வந்து முன்வரிசைகளை நிரப்பினார்கள். எல்வாவின் பக்கம் காலி நாற்காலிகள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்குத் தானிய லாரிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. மீசையில் பனியோடு அவள் சேர்த்த ஆட்கள் இறங்கினார்கள்.

மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்தது. எழுதி வந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எனக்கு மேடைப்பேச்சு வராது. உங்க வாசல்ல நின்னு பேசுற மாதிரியே பேசுறேன். மூணாவது வரிசையில மேரியன் இருக்கா. ஆஸ்பத்திரிக்குத் தொண்ணூறு மைல் போறதுக்குள்ள வண்டியிலயே புள்ள பெத்தா. அந்த ரோட்டுக்காக நான் எழுதின லெட்டர் மட்டும் பதினொண்ணு. ஒவ்வொண்ணுலயும் லாயிட் கையெழுத்து. இனிமே என் கையெழுத்தப் போட்டுக்கறேன்."

முதலில் மேரியன் எழுந்தாள். பிறகு அரங்கே எழுந்தது.

ஓட்டுகளை எண்ணியபோது எல்வாவுக்கு முந்நூற்றுப் பதினொன்று, விட்மோருக்கு இருநூற்று அறுபத்தெட்டு. ஆர்ச்சி வந்து கை கொடுத்தார். "இப்போ உங்களுக்கு ஒரு அமைப்பாளர் வேணுமே?"

"வக்கீலைக் கேட்டுப் பாருங்க. நாய்ங்களை நான் பழக்கி விடுறேன்."

விட்மோர் ஒப்புக்கொண்டார். அந்தக் கோடையில் வீடு வீடாக நடந்து இரண்டு ஜோடி காலணியைத் தேய்த்தார். அக்டோபர் தேர்தலில் எல்வா, லாயிட் ஒருபோதும் எட்டாத வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

மறுநாள் காலையில் அவளும் நெஸ்டரும் சாலையோரப் பிரசாரப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். டிராக்டரில் வந்த ஒருவர் நிறுத்தினார். "சட்டமன்ற உறுப்பினர் செய்யுற வேலையா இது?"

"வேற யாராவது புடுங்கினா முளைக்குச்சிய வயல்லயே விட்டுட்டுப் போவாங்க" என்றாள் எல்வா. அடுத்த பலகையைப் பிடுங்கி, அதிலிருந்த தன் பெயரின்மேல் அப்பியிருந்த சேற்றைக் கையுறையால் துடைத்து, லாரியில் ஏற்றினாள்.