மிஷினுக்கு வைத்த பொட்டு

"பொட்டத் தொடாத ரேணுகா, சாமி கும்பிட்டு வச்ச..."

"ஆடி மாசத்துல மிஷினுக்கு என்ன பூசைங்க? சரஸ்வதி பூசை இன்னும் எங்கிட்டோ..."

"காவக்காரரு வச்சா வச்சுட்டுப் போறாரு. அதுல உனக்கென்ன சோலி?"

"ஈரங்கூடக் காயலையேங்க."

புருசனும் பொண்டாட்டியும் இப்படி ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிப் பேசிக்கொண்டிருந்தது போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், மூடிப்போன ஓர் ஏலத்தோட்டத்தின் தகரக் கொட்டகையில். நடுவில் இடுப்பு உயரத்துக்கு நின்றது சாணை மிஷின். வெள்ளைக்காரன் காலத்து வார்ப்பிரும்பு. இரண்டு பக்கமும் சோத்துத் தட்டு அகலத்தில் கல், ஒவ்வொரு கல்லையும் மூடிக் கனத்த இரும்புக் கூடு. வலது கூட்டின் நெற்றியில் சந்தனத்தை அள்ளி அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

புருசன் விஜயபாண்டிக்குப் போடியில் ஏலக்காய்க் கடையில் தரம் பார்க்கிற வேலை. பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பில் உட்கார்ந்து, பழைய ஜீப்பின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கத்தி செய்வார். விற்க அல்ல, ஆசைக்கு. வீட்டில் இருந்த சின்ன மிஷின், பட்டையை அழுத்தினாலே திணறி நின்றுவிடும். கனத்த மிஷின் கேட்டு அலைந்ததில் தோட்டத்துக் காவல்காரர் ஒச்சப்பன் கிடைத்தார். அங்கே மிச்சமிருக்கும் சாமான்களை விற்றுக் கொடுப்பதும் அவர்தான்.

ரேணுகாவுக்கு ஜீப்பில் ஏறும்போதே மனசு ஒப்பவில்லை. இனி தினமும் அந்தக் கல்லுக்கு முன்னால் குனியப் போவது இந்த மனுசனின் முகம். காயை உருட்டியே தரம் சொல்கிற அந்த விரல்கள், சுற்றுகிற கல்லை ஒட்டி நிற்கப் போகின்றன. வலப்பக்கத்துக் கல் மட்டும் புத்தம் புதுசு. இவருக்கு அதைக் கண்டு ஒரே சந்தோசம். அவளுக்கு அதுவும் இடித்தது.

ஓட்டிக் காட்டுங்கள் என்றதற்கு, கரண்டு இல்லை என்றார் ஒச்சப்பன். மலையிலேயே கிடந்ததில் மலையாளம் ஒட்டிக்கொண்ட ஆள். எதைக் கேட்டாலும், ஒரு பிரச்சினையும் இல்லை என்கிற மாதிரி, "கொழப்பமில்லா தங்கச்சி" என்பார். கரண்டு இல்லையென்று சொல்லி வாய் மூடவில்லை, வேலிக்கு அப்பால் அவர் வீட்டில் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. அது வேறு லைன் என்றார். விஜயபாண்டியும் ஆமாம், மிஷினுக்கு த்ரீ ஃபேஸ் வேண்டும் என்று ஒத்து ஊதினார்.

இதில் வேலை பார்த்தது யார் என்று கேட்டாள். தவசி என்று ஒரு மெக்கானிக்காம், வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாராம். போனில் அவர் ஊர் ராசிங்காபுரம் என்று சொல்லியிருந்த ஒச்சப்பன், இப்போது தேவாரம் என்றார். ரேணுகா பிறந்ததே தேவாரத்தில்தான். எந்தத் தெரு என்றாள். சரியாக விளங்கவில்லை என்று வேட்டியை உதறிக் கட்டினார்.

அதற்குள் விஜயபாண்டி ஜீப்பில் ஏற்றுவதற்காகக் கயிற்றை எடுத்து மிஷினின் இடுப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

"ஏங்க," என்றாள் ரேணுகா, மெதுவாக. "மூட்டையில மேலாப்புல கெடக்குற காயப் பாத்து என்னைக்காச்சும் தரம் போட்டிருக்கீகளா?"

கயிறு நின்றது. கடையில் முழங்கை வரைக்கும் மூட்டைக்குள் விட்டு அடிக்காயை அள்ளுகிற ஆள் அவர். பச்சை தூக்கலாகத் தெரிந்தால் ஈரத்துணியில் தேய்த்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் பேச்சே. தன் தோளில் கிடந்த துண்டை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"பொட்ட அழிச்சா குடும்பத்துக்கு ஆகாது மாப்ளே," என்றார் ஒச்சப்பன்.

துண்டுக்குப் போன கை பாதியில் இறங்கிவிட்டது.

ரேணுகா அந்தத் துண்டை உருவி, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து நனைத்தாள். எந்தச் சாமிக்கு வைத்ததோ அந்தச் சாமியிடம் மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அழுத்தித் துடைத்தாள். சந்தனம் வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் கறுத்த இரும்பின் குறுக்கே மஞ்சளாக ஒரு கோடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும். இரண்டாய்ப் பிளந்த கூட்டைப் பித்தளை உருக்கிப் பற்றவைத்திருந்தது.

விஜயபாண்டி மூட்டைக்குள் விடுவதுபோலக் கூட்டுக்குள் கையை விட்டு, கண்ணை மூடித் தடவினார். உள்ளெல்லாம் குழிகுழியாக இருந்தது.

"கல்லு வெடிச்சிருக்கு," என்றார், யாரிடமும் இல்லாமல். "சுத்திக்கிட்டு இருக்கும்போதே வெடிச்சிருக்கு."

கையை எடுத்தவர் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். கொண்டுபோய் ஜீப்புக்குள் போட்டுவிட்டு வந்து ரேணுகா பக்கத்தில் நின்றார்.

பழைய மிஷின் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், கொழப்பமில்லா என்று ஒச்சப்பன் தகரத்தைப் பார்த்துச் சொன்னார். மிக்சிச் சத்தம் நின்றிருந்தது. ரேணுகா துண்டைப் பிழிந்தாள். மஞ்சளாய்த் தண்ணீர் மிஷின் காலடியில் ஒழுகியது.

"இதுல குனிஞ்சு வேல பாத்த தவசி எந்த ஊருக்குத்தாண்ணே போனாரு?"