அலமாரிக்குள் பல் டாக்டர்

மனிதகுலம் எழுத்தைக் கண்டுபிடித்தது கண்ணுக்காக. காதுக்குப் பேச்சும் பாட்டும் ஏற்கெனவே இருந்தன. ஆகவே, புத்தகத்தைக் காதால் கேட்பவர் வாசகர் அல்ல. அடுத்தவர் மென்று கொடுத்ததை விழுங்குபவர். இதைக் கல்லூரி இதழில் நான்கு பக்கத்துக்கு நிறுவியிருக்கிறேன். ஒரு மறுப்புக்கூட வரவில்லை. யாரும் படிக்கவில்லை என்கிறாள் அக்கா. யாராலும் மறுக்க முடியவில்லை என்கிறேன் நான்.

அக்காவின் கோபத்துக்கு இலக்கியக் காரணம் ஏதுமில்லை. அவள் குரல் கொடுத்துப் பிழைக்கப் பார்ப்பவள். இரண்டு வருடத்தில் அவள் சாதித்தது, ஒரு மருத்துவமனை லிஃப்டுக்குள் “கதவு மூடுகிறது” என்று சொன்னது. இப்போது ஒரு பதிப்பகம் நகைச்சுவைத் துப்பறியும் நாவல் ஒன்றின் இரண்டு பிரதிகளைக் கொடுத்து, முதல் ஐந்து அத்தியாயங்களைப் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தது. பிடித்தால் முழுப் புத்தகமும் அவளுக்கு. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும்: ஃப்ரிட்ஜ் வாங்கியவர்களிடம் தொலைபேசியில் திட்டு வாங்கும் வேலை.

“டேய், லீவுலதானே இருக்க? நான் படிச்சதைக் கேட்டுக்கிட்டே புஸ்தகத்தோட ஒப்பிட்டுப் பாரு. எங்க வார்த்தை விட்டிருக்கேன், எங்க மூச்சு வாங்குது, பென்சில்ல குறி.”

“எனக்குன்னு ஒரு கொள்கை இருக்குக்கா.”

“அதை நாலு நாளைக்குக் கழட்டி வை. சட்டையைக் கழட்டிக் கட்டில்மேல போடுறேல்ல, அந்த மாதிரி.”

வீட்டில் சத்தம் இல்லாத ஒரே இடம் துணி அலமாரி. கம்பளிகளுக்கும் மாமாவின் கோட்டுகளுக்கும் நடுவே முக்காலி போட்டு, கையில் விளக்கோடு அக்கா உள்ளே போவாள். அவள் கணவர், அதாவது என் மாமா, வெளியே காவல் நிற்பார். தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவார்.

நாவலில், அடுக்குமாடி வீட்டுச் சங்கத் தலைவர் லிஃப்டுக்குள் செத்துக்கிடக்கிறார். துப்பறிவது மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பல் டாக்டர். யாரைச் சந்தேகித்தாலும் முதலில் வாயைத் திறந்து காட்டச் சொல்வார். அவர் யோசிக்கத் தொடங்கும் நேரமெல்லாம் அவர் மனைவிக்கு ஒரு வீட்டு வேலை நினைவுக்கு வரும்.

முதல் நாள் முப்பத்தோரு பிழை குறித்தேன். அதில் ஒன்பது, என் கருத்து வேறுபாடுகள். இரண்டாம் நாள் பதினொன்று. அன்றுதான் சங்கச் செயலாளர் கதைக்குள் வந்தார். எதற்கெடுத்தாலும் தத்துவம் பேசும் அற்ப ஜந்து.

“இந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே மாமா?”

“குளிக்கும்போது கேட்டிருப்ப” என்றார் மாமா. “உள்ள நீ மட்டும்தானே இருப்ப.”

ஐந்தாம் அத்தியாயத்தில் டாக்டரும் மனைவியும் இறந்தவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கிறார்கள். கதவு திறக்கிறது. காலடி நெருங்குகிறது. டாக்டர் மூச்சைப் பிடிக்கிறார். அப்போது மனைவி சொல்கிறாள்: “ஏங்க, வாஷிங் மெஷின் கத்துது, போய் நிறுத்துங்க!”

நான் சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆனது. குறிப்புத்தாளில் ‘பிரமாதம்’ என்று எழுதினேன். பிழை பூஜ்யம். ஒலிக்கோப்பு பதிப்பகத்துக்குப் போனது.

மறுநாள் மதியம் பதிப்பாசிரியர் அழைத்தார். அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள்.

“எல்லாம் நல்லா வந்திருக்கும்மா. அஞ்சாவதுல ஒரு வாஷிங் மெஷின் வருதே, அது எந்தப் பக்கம்?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பெருந்தன்மையாகச் சொன்னேன்: “புஸ்தகத்துலயே பெஸ்ட் வரி அதுதான்.”

“அது புஸ்தகத்துல இல்லடா” என்றாள் மெல்லிய குரலில். “நான் உங்க மாமாகிட்ட சொன்னது.”

மாமா தரையைப் பார்த்தார். “நானும் போய் நிறுத்திட்டேனே” என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “கையில புஸ்தகத்தை வெச்சுக்கிட்டு என்னடா பண்ணின?”

உண்மை என்னவென்றால், மூன்றாம் அத்தியாயத்திலிருந்தே நான் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கட்டிலுக்கடி இருட்டு அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. இதைச் சொல்லவில்லை.

“ஐயாவுக்குக் கதை அவ்ளோ ருசிச்சிருக்கு” என்றாள் அக்கா.

அந்த அத்தியாயத்தைப் புதிதாகப் பதிந்து அனுப்பப் பதிப்பாசிரியர் ஐந்து மணி வரை நேரம் கொடுத்தார். மெஷினின் வயரைப் பிடுங்கினோம். அக்கா உள்ளே போனாள். இரண்டு தடவை வாசித்தாள். இரண்டு தடவையும் டாக்டர், ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனதற்கு மன்னிப்புக் கேட்பவர் போலவே பேசினார். மணி நான்கு. அலமாரிக் கதவு திறந்தது. அவள் கண் கலங்கியிருந்தது.

“வரலடா. திங்கட்கிழமைதான் ஞாபகம் வருது. நீ உள்ள வா. போன தடவை சிரிச்ச இடத்துலயெல்லாம் சிரி, சத்தமில்லாம. எனக்கு எதிர்ல ஒரு மூஞ்சி வேணும்.”

கோட்டுகளுக்கு நடுவே மடங்கி உட்கார்ந்தேன். இந்த முறை புத்தகம் திறந்திருந்தது; விரல் வரிவரியாக நகர்ந்தது. வாயில் மாமாவின் சாக்ஸ். துவைத்ததா என்று விசாரிக்க நேரமில்லை. காலடி நெருங்கிற்று. டாக்டர் மூச்சைப் பிடித்தார். மனைவி, புத்தகத்தில் உள்ளபடி, பால் தீர்ந்துவிட்டது என்றாள். அதை அக்கா சொன்ன விதத்தில் என் தோள் குலுங்கியது. அதைப் பார்த்ததும் அவள் குரலுக்கு உயிர் வந்தது. செயலாளர் வந்தபோது என்னையே பார்த்து வாசித்தாள்.

நான்கு ஐம்பதுக்கு அனுப்பினோம். ஆறு மணிக்குப் பதில் வந்தது: முழுப் புத்தகமும் அவளுக்கே. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பதிப்பகமே ஓர் ஆளைப் போடுமாம்.

“உன் கொள்கைக்கு விடுதலை” என்றாள் அக்கா.

“நன்றி” என்றேன் கம்பீரமாக.

எனக்குக் கொடுத்த பிரதி வீட்டில், என் மேசைமேலேயே கிடந்தது. மிச்சத்தை ஒரே நாளில் கண்ணால் முடித்திருக்கலாம். கல்லூரி திறந்த வாரம் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, காது வெளியே தெரியாதபடி காலரைத் தூக்கிவிட்டு, அக்கா அன்று காலை பதிந்த ஒன்பதாம் அத்தியாயத்தைக் காதில் மாட்டிக்கொண்டேன். கல்லூரி நிறுத்தம் எப்போது போனதென்று தெரியாது. பக்கத்தில் இருந்த பெண்மணி தன் பையை எடுத்து மடியில் வைத்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்த என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.