அமிலத்தில் கிடந்த எலும்பு

ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை நண்பகலிலேயே ஆய்வகம் காலியாகிவிட்டது. எல்லோரும் மலைக்குடில்களுக்குக் கிளம்பிவிட்டார்கள், திசுவைச் சோதித்து நோயைச் சொல்லும் நோய்க்கூறு மருத்துவர் தூர்ஹில்டும்தான். நோயாளி சிக்பியோர்னின் முதுகுத்தண்டு அடியெலும்பிலிருந்து எடுத்த துண்டு, மென்மையாவதற்காகக் கடும் அமிலத்தில் ஊறிக்கொண்டிருந்தது. மாலைக்குள் எடுத்திருக்க வேண்டும். விடுமுறை முடியும்வரை யாரும் எடுக்கவில்லை.

அந்தத் துண்டைப் பார்த்துத்தான் தூர்ஹில்ட் எழுதினாள்: அவருக்கு முன்பு வந்த சிறுநீரகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. முதுகுத்தண்டுக்கு முன்னோடியாகத் தோன்றிக் கருவிலேயே மறைந்திருக்க வேண்டிய தண்டின் மிச்சத்திலிருந்து முளைக்கும் அரிய புற்றுநோயும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். அந்த அரிய வகைக்குரிய புரதம் இருந்தால், சாயமேற்றும்போது செல்லின் உட்கரு பழுப்பாகும். ஆகவில்லை. பக்கத்தில் வைத்த ஒப்பீட்டுத் திசுவில் பழுப்பு நன்றாக ஏறியிருந்ததால் நம்பினாள். அந்தத் திசு அமிலத்தில் ஊறியதே இல்லை.

"வேற எங்கயும் ஒரு புள்ளிகூட இல்லையே. பரவுற நோய் இப்படி ஒரே இடத்துல குந்திக்கிட்டிருக்குமா?" என்று அறுவை மருத்துவர் ஐவின் ரொட்டியை மென்றபடி கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. அரிய வகை என்று உறுதியான பழைய துண்டொன்றை அதே அமிலத்தில் அத்தனை நாள் ஊறவைத்துச் சாயமேற்றினாள். இன்று காலை பார்த்தால் ஒரு உட்கருகூடப் பழுப்பாகவில்லை; புரதத்தை அமிலம் அழித்திருந்தது.

ஐவினை அழைத்தாள். "சிக்பியோர்னுக்குக் கதிர்வீச்சை நிறுத்து."

"அப்போ அரிய வகைதானா? அடியெலும்பையே எடுத்துடறேன்."

"எடுத்தா மூத்திரம், மலம் எதுவும் அவர் கட்டுப்பாட்டுல இருக்காது. பரவினதா இருந்தா அந்தக் கொடுமை வீண்."

"எடுக்காம விட்டு, அரிய வகையா இருந்தா?"

"பொழைக்கற வாய்ப்பை நாமளே பறிக்கறோம்."

"எதுன்னுதான் கேக்கறேன்!"

"தெரியல. துண்டும் மிச்சமில்ல. மறுபடி ஊசி குத்தித் துண்டு எடுக்கணும்."

"ஈஸ்டருக்குக் குடில்ல உக்காந்து எல்லாரையும் போல ஆரஞ்சு உரிச்சியே, நல்லா இருந்துச்சா?" என்றான் ஐவின்.

மலைகளுக்கிடையே நீளும் ஃபியோர்டுக் கடற்கழியில் ஓடும் படகில் எஞ்சின் பார்த்தவர் சிக்பியோர்ன். தூர்ஹில்ட் போனபோது கதிர்வீச்சு அறைக்கு வெளியே சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"சாகப்போறேன்னு பொண்ணுகிட்ட சொல்லியாச்சு. இப்போ நீங்க கொண்டுவந்தது நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

"இன்னும் தெரியாது. மறுபடி ஊசியால துண்டு எடுக்கணும். தப்பு என்னோடது."

"உங்க தப்புக்கு என் முதுகுல ஊசியா?" அவர் மட்டும் சிரித்தார். பிறகு ஊசிக்காகக் குப்புறப் படுத்தார்.

புதுத் துண்டிலும் எலும்புதான் அதிகம். மென்மையாகாமல் சீவ முடியாது. இம்முறை புரதத்தைக் கெடுக்காத கரைசல், ஆனால் அது மெதுவாகத்தான் கரைக்கும். தினமும் காலையில் தூர்ஹில்ட் துண்டை ஊசியால் மெல்லக் குத்திப் பார்த்தாள். ஊசி இறங்கவில்லை. அப்படி ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. ஐவினாக இருக்கும் என்று எடுத்தாள். சிக்பியோர்னின் மகள்.

"இன்னும் கெட்டியாத்தான் இருக்கு," என்றாள் தூர்ஹில்ட்.