பத்து மணி பத்து நிமிடக் கடல்

என் மனைவிக்கு அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று அறுவை. முப்பத்திரண்டு வருடம் நர்சாக வார்டு வார்டாக நடந்து தேய்த்த முட்டி. கழற்றிப் போடுவதற்கு முன் அது ஒரு தடவையாவது தனக்காக நடக்க வேண்டும் என்று பிடிவாதம். கடலோரமாக நாலு பகல் நடை. நடுவில், நடைபயணிகள் தங்கவென்றே கட்டிய மூன்று குடிசைகளில் மூன்று ராத்திரி. கைத்தடி ஒன்றுக்கு மட்டும் அனுமதி. யார் கையையும் பிடிக்கக் கூடாது, வண்டி ஏறக் கூடாது. மீறினால் நடை செல்லாது. சட்டம் போட்டவளும் அவள்தான், நீதிபதியும் அவள்தான்.

"உங்களால முடியுமா?" என்று என்னைக் கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்கு முட்டிதான் போயிருந்தது, எனக்கு மூச்சு.

முதல் குடிசையில் தகரக் கூரை, பலகைப் படுக்கை, கயிற்றில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைச் சாக்ஸ். சுவரில், கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை தொங்கியது. மூன்றாம் நாள் ஓர் ஆற்று முகத்துவாரத்தைக் கடக்க வேண்டும். பாலம் கிடையாது, கடல் நன்றாக வற்றும் நேரத்தில் இறங்கித்தான் போக வேண்டும். நான் ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவன். அட்டவணையைக் கண்டால் சும்மா இருக்க மாட்டேன். முதல் வரியைப் பார்த்தேன். வற்றம், காலை 10.10. கை நோட்டில் குறித்து, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

மூன்றாம் நாள் அவளை விரட்டாத குறையாக நடக்க வைத்து, 10.05க்கு ஆற்றங்கரையில் நிறுத்தினேன். என் பெருமை ஐந்து நிமிடம் நீடித்தது. ஆற்றில் இடுப்புக்கு மேல் தண்ணீர், கலங்கலாக, சுழித்துக்கொண்டு.

"போச்சு, ஏற ஆரம்பிச்சிடுச்சு. மேல ரெண்டு கிலோமீட்டர்ல ரோடு இருக்கு. பஸ்ஸைப் பிடிச்சிடலாம்."

குரலில் வருத்தத்தை வேண்டிய அளவு கலந்துதான் சொன்னேன். உள்ளுக்குள் கால்கள் இரண்டும் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தன.

அவள் தண்ணீர் விளிம்பில் கைத்தடியை ஊன்றிவிட்டுப் பையின் மேல் உட்கார்ந்தாள்.

"பத்து நிமிஷம் பாப்போம்."

"அட்டவணை தெளிவா சொல்லுதும்மா."

"சார்ட் சொல்லும். பேஷன்ட் என்ன சொல்றாருன்னு பாக்க வேண்டாமா?"

பத்து நிமிடத்தில் தடி ஈர மணலில் நின்றது. தண்ணீர் நாலு அடி தள்ளிப் போயிருந்தது.

"இறங்கிட்டுதான் இருக்கு" என்றாள். "எந்தத் தேதிக்குப் பாத்தீங்க?"

"முதல் வரி."

"அது முந்தாநாளுக்கு. கடல் தினம் முக்கால் மணி, ஒரு மணி பிந்தும். வரிக்கு வரி மாறியிருக்குமே, பாக்கலையா?"

"ரயிலுக்குத் தினமும் ஒரே நேரம்தானே?"

"உங்க ரயிலா?" என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பில், முப்பத்தைந்து வருட சர்வீஸ் ஆற்றோடு போனது.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் அவள் முன்னால் போனாள். பாதி ஆற்றில் முட்டி பிடித்துக்கொண்டது. ஒரு காலைத் தூக்கிய மேனிக்கு நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க."

"விழுந்துடப் போற."

"விழுந்தா நானே எழுந்துக்கறேன். தொட்டா செல்லாது."

தடியில் சாய்ந்து முட்டியை மெல்ல மடக்கி நீட்டினாள். உள்ளே ஏதோ சொடக்கென்றது. அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்குக் கேட்டது. பிறகு ஓர் அடி. நின்று, இன்னொன்று. நான் அவள் முதுகுக்கு ஒரு சாண் பின்னால், தொடாமல், ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தேன். எண்ணினேன், நாற்பத்தோரு அடி.

மறுகரை மணலில் ஏறியபின் திரும்பி, இன்னும் நீண்டபடியே இருந்த என் கையைப் பார்த்தாள்.

"என்ன, பிச்சையா கேக்கறீங்க?"

கையை மடக்கிக்கொண்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த குடிசையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.